நடுமலைப் பெட்டி

ஒரே ஒரு ஊரிலே ஒரு மலை இல்லை, மூன்று மலை இருந்தது. மலைக்கு ஒருவர்தான் இருந்தார்கள்.

முதல் மலையில் குரு. மூன்றாம் மலையில் மாசானம் என்று ஒரு சீடன். நடுமலையில் இன்னொரு சீடர். இது நடுமலைக்காரருடைய வயிற்றெரிச்சலின் கதை.

அவர் பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு வயது நாற்பத்தொன்பதுதான். பெயர் செண்பகம். சீடர்கள் குருவம்மா என்பார்கள். குருவம்மா கோமதிநாயகத்தை அண்ணாச்சி என்பார்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, கோமதிநாயகம் நடுமலையிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார். குருவம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"நேத்து மாசானத்துக்கு எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"யாரு பாத்தா."

"நான் பாத்தேன். மூணு நிமிஷம்."

"இருக்கும்."

"எனக்கு?"

குருவம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"ரெண்டு வார்த்தை. 'கேட்டுச்சு அண்ணாச்சி.' முன்னெல்லாம் எனக்கும் நல்லாத்தான் பேசுவீங்க. இப்ப அஞ்சு மாசமா இந்த ரெண்டு வார்த்தைதான். நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

குருவம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பெட்டியில பொத்தான் எத்தனை அண்ணாச்சி?"

"நான் வாங்கி மாட்டுன பெட்டி. என்கிட்டயே கேக்கீங்க. மூணு. மேல அனுப்ப ஒண்ணு. கீழ அனுப்ப ஒண்ணு. நாம பேச ஒண்ணு."

"மூணும் எப்படி இருக்குன்னு பாருங்க."

"நான் கேட்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வெயில் ஏறுது. மாசானம் காத்துக்கிட்டு இருப்பான்."

அங்கேயும் மாசானம். கோமதிநாயகம் மலை ஏறினார்.

*

பெட்டி என்றது வயர்லெஸ் பெட்டியை. மலைக்கு ஒன்று இருந்தது.

முதல் மலையையும் மூன்றாம் மலையையும் நடுமலை மறைத்தது. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு நேராகப் போகாது. நடுமலைப் பெட்டி அதைப் பிடித்து, தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும்.

மாசானத்தின் பாறையில் உச்சிவெயில் மட்டும்தான் விழும். சூரியத் தகடு வைத்த அவன் பெட்டி அந்த ஒரு மணி நேரம் மட்டும் உயிரோடு இருக்கும். அப்போது கோமதிநாயகம் மேல் பொத்தானை அமுக்குவார். குருவின் பேச்சு அவனிடம் போகும். அவன் பதில் வந்து நடுமலையில் தங்கும். சாயங்காலம் கீழ்ப் பொத்தானை அமுக்குவார். அது குருவிடம் இறங்கும். கோமதிநாயகம் பேசும் பொத்தானை அமுக்கிச் சொல்வதும் அதோடு சேர்ந்து கீழேதான் போகும்; மாசானத்தோடு பேச மேல் பொத்தானை அமுக்கிக்கொண்டே பேசவேண்டும்.

இதில் ஒரு வில்லங்கம். பிடிக்கிறபோதே நடுமலைப் பெட்டி சத்தமாகப் பேசிவிடும். நடுவில் இருக்கிறவர் எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"மாசானம், கஞ்சி குடிச்சியா?"

"மாசானம், முட்டி வலி எப்படி இருக்கு? எண்ணெய் போடு, சோம்பல் படாதே."

முட்டி வலி கோமதிநாயகத்துக்கும் இருந்தது.

துறைமுகத்து வயர்லெஸ் அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனுஷர் அவர். எத்தனை கப்பலைக் கரை சேர்த்திருப்பார். மாசானம் லாரி ஓட்டியவன். மலைக்கு வந்து ஏழு வருஷம்தான் ஆகிறது.

நடுமலைக்கு வந்து சேர்ந்ததும் பெட்டியைத் துடைத்துப் பார்த்தார். மேல் பொத்தானும் கீழ்ப் பொத்தானும் விரல் பட்டுப் பட்டு மினுங்கின. மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. நம் உழைப்பைத்தான் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

பேசும் பொத்தானையும் பார்த்தார். ஐப்பசி மழையில் ரப்பர் ஊறிப்போய்க் கொஞ்சம் உள்ளே அமுங்கி இருந்தது.

நாம் என்ன பேசப் போகிறோம், சாயங்காலம் 'நடுமலை நலம்' என்று ஒரு வரி. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

*

மத்தியானம் மாசானத்தின் குரல் வந்தது.

"குருவம்மா, இன்னைக்கு ஒரு குரங்கு என் வேட்டியத் தூக்கிட்டுப் போயிட்டு. இருக்கறதே ரெண்டு வேட்டி. துறந்து வந்தவன் இதுக்குக் கோவப்படலாமா, கூடாதா? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி நடந்துக்கிடுதேன். அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி விட்ருங்க."

தினமும் கடைசியில் அந்த வரியைச் சொல்வான். தள்ளி விட்ருங்க. மண்ணில் புதைந்த லாரியைத் தள்ளச் சொல்வது போல.

மறுநாள் காலை குருவம்மாவின் பதில் வந்தது. பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்தது. விட்டு விட்டுச் சிரித்தார். ஒருமுறை இருமலே வந்துவிட்டது.

"மாசானம், குரங்கு வேட்டிய உடுத்துச்சா? உடுத்துச்சுன்னா விட்ரு. கிழிச்சுதுன்னா கோவப்படு."

கோமதிநாயகத்துக்காக அவர் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை.

"சிரிப்பு வேற," என்றார் கோமதிநாயகம். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. "எனக்கு ரெண்டு வார்த்தை. அவனுக்குச் சிரிப்பு."

உச்சிவெயில் வந்ததும் மேல் பொத்தானை அமுக்கினார். சிரிப்பு மூன்றாம் மலைக்குப் போனது.

*

நாலு நாள் போயிருக்கும். காலையில் குருவம்மாவின் குரல் வந்தது.

"மாசானம், உங்கம்மா வந்திருக்கா. கம்பு ஊனி இதுவரைக்கும் ஏறிட்டா. இனி ஏற அவளால ஆகாது. நீ இறங்கி வா. நாளான்னைக்குச் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குப் போறா. மக கூடச் சூரத்துக்குப் போயிடுவாளாம். இனி இந்தப் பக்கம் வர மாட்டா."

பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. ஒரு பேச்சு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

கோமதிநாயகம் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய அம்மா போனபோது அவர் வயர்லெஸ் அறையில் இருந்தார். ஏதோ ஒரு கப்பலுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுச் சேதி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

உச்சிவெயில் ஏறியது. மாசானத்தின் பெட்டி கண் விழித்தது.

"அண்ணாச்சி, குருவம்மா இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?"

இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தார். சொல்ல முடியாது. மேல் பொத்தானை அமுக்கினால் மாசானத்துக்காகக் காத்திருக்கிற எல்லாவற்றையும் பெட்டி சேர்த்துத்தான் அனுப்பும். பொய்யோடு அந்தச் சேதியும் போய்விடும்.

மேல் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி? சாப்புடுதீங்க போல. சரி, இருக்கட்டும்."

வெயில் நகர்ந்தது. மூன்றாம் மலை அடங்கிவிட்டது.

அழிக்கவில்லை, அமுக்கவில்லை, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று சாயங்காலம் வழக்கம்போல 'நடுமலை நலம்' என்றார். கீழ்ப் பொத்தானை அமுக்கினார். வழக்கம்போலப் பதில் வந்தது.

"கேட்டுச்சு அண்ணாச்சி."

மறுநாளும் உச்சிவெயில் வந்தது, போனது. பச்சை விளக்கின் மேல் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்கு அடியிலும் அது மினுக்கிக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் கீழேயிருந்து அதே குரல், அதே நிதானம்.

"கேட்டுச்சு அண்ணாச்சி."

*

மூன்றாம் நாள் விடிந்ததும் கோமதிநாயகம் இறங்கினார். பெட்டி பழுது என்று சொல்லிவிட வேண்டியதுதான். வயர்லெஸ் தெரிந்தவர் அவர் ஒருவர். யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

முற்றத்தில் ஒரு கிழவி துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எய்யா, நீங்கதான் நடுமலை அண்ணாச்சியா? நான் முப்பிடாதி. மாசானத்தப் பெத்தவ."

"ஆமா தாயி."

"ஒருநாள் இருந்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். குருவம்மாதான் இரு, இருன்னு பிடிச்சு வச்சிட்டா. அவன் வரலையே."

"அது வந்து... பெட்டி கொஞ்சம் பழுது. சேதி போகல."

கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது.

"போகலையா? அப்படின்னா அவன் வராம இருக்கல. அவனுக்குத் தெரியவே இல்ல. இத நேத்தே வந்து சொல்லியிருக்கக் கூடாதா எய்யா? ரெண்டு நாளா, பெத்த பிள்ளைக்கு நான் வேண்டாதவளாப் போயிட்டேனேன்னு கிடந்தேன்."

கோமதிநாயகம் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"முப்பிடாதி, சுனையில போய் முகத்தக் கழுவிட்டு வா," என்றார் குருவம்மா. "கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு."

கிழவி கம்பை ஊன்றிக்கொண்டு சுனைப் பக்கம் போனாள்.

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார்.

"பொத்தானப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

குருவம்மா தன் பெட்டியை மடியில் எடுத்து வைத்து, எதையோ அமுக்கினார்.

முதலில் 'நடுமலை நலம்' என்று கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு அதே குரல்.

"கஞ்சி குடிச்சியான்னு அவன்கிட்டதான் கேக்கணுமா. நான் என்ன கல்லா?"

கோமதிநாயகம் நிமிர்ந்தார்.

குருவம்மா அடுத்ததை அமுக்கினார்.

"லாரிக்காரனுக்கு ஞானம் சொல்லணுமாம், அத நான் தூக்கிச் சுமக்கணுமாம். நான் என்ன தபால்காரனா?"

இன்னொன்று.

"சிரிப்பு வேற. எனக்கு ரெண்டு வார்த்தை. அவனுக்குச் சிரிப்பு."

முப்பது வருஷம் கப்பல்காரர்களை அவர் இதற்காகத்தான் திட்டியிருக்கிறார். பேசி முடிச்சா பொத்தான் மேல வந்துருச்சான்னு பாரு, இல்லாட்டி நீ குளிக்கும்போது பாடுறதும் எனக்குக் கேக்கும். எத்தனை பேரை ஏசியிருப்பார்.

குருவம்மா நிறுத்தவில்லை. கடைசியாக ஒன்று.

"அவனுக்குக் குருவும் வேணும், பெத்தவளும் வேணும். எங்கம்மா போனப்ப எனக்கு யாரு சேதி சொன்னா? கிடக்கட்டும். நான் அமுக்க மாட்டேன்."

பெட்டி ஓய்ந்தது. சுனையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எப்பலேருந்து?" கோமதிநாயகத்தின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஐப்பசி மழைக்கு அப்புறம்."

"தினமுமா?"

"தினமும் சாயங்காலம்."

"ஒரு நாளாவது ஒண்ணு சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே அண்ணாச்சி. தினமும் சொன்னேனே."

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். எறும்பு ஒன்று கீரைத் தண்டை இழுத்துக்கொண்டு போனது.

"இதெல்லாம் மாசானத்துக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அவனுக்கு அனுப்பணும்னா உங்க வழியாத்தானே போகணும்."

"வேற யாருக்காவது?"

"முப்பிடாதி ரெண்டு நாளா என் பக்கத்துலதான் படுத்திருந்தா. ஏன் வரலன்னு ராத்திரி முழுக்கக் கேட்டா. பெட்டி இந்தா இங்கதான் இருந்துச்சு. அவளுக்குக் கேக்க நான் அமுக்கல."

குருவம்மா பெட்டியை மடியிலிருந்து இறக்கி, முந்தானையால் ஒருமுறை துடைத்து, தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

கிழவி முகம் துடைத்தபடி திரும்பி வந்தாள்.

கோமதிநாயகம் எழுந்து அவள் முன்னால் நின்றார்.

"தாயி, பெட்டி பழுதில்ல."

"என்னய்யா?"

"சேதி என்கிட்டதான் இருக்கு. வந்த அன்னைக்கே வந்துட்டு. நான் அனுப்பல."

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஏன்?"

கோமதிநாயகம் இரண்டு கையையும் கூப்பினார்.

"சரி," என்றாள் கிழவி. "இப்பவும் அது உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"இன்னைக்கு அனுப்பினா அவன் பஸ்ஸுக்கு முன்னால வந்துருவானா?"

"உச்சிக்கு அமுக்கினா நாலு மணிக்கு வந்துருவான். ஓடி வருவான்."

"நீங்க ஏற எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

கிழவி பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்து, அதிலிருந்த அதிரசத்தில் இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத வழியில தின்னுங்க. வெறும் வயித்தோட ஏறாதீங்க."

கோமதிநாயகம் அதிரசத்தைப் பிடித்துக்கொண்டு குருவம்மா பக்கம் திரும்பினார்.

"இத்தனையையும் கேட்டுட்டு, மறுபடியும் என் கையிலயே விடுதீங்களா?"

குருவம்மா மலை உச்சியை அண்ணாந்து பார்த்தார். வெயில் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"மணி ஒன்பதரை அண்ணாச்சி."

கோமதிநாயகம் நடந்தார்.

"எய்யா, செருப்பு இங்க கிடக்கு," என்று கிழவி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. பாறைகளுக்கு நடுவே அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது.