சீமைக் காரின் மட்கார்டு

அந்தோணியம்மாளின் டிங்கரிங் பட்டறை பூபதி முதலாளியின் இடத்தில் இருந்தது. ஒருநாள் அவர் தாத்தா காலத்துக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெருமை பார்க்க நாலு நண்பர்களும் கூட வந்திருந்தார்கள்.

"சீமையிலிருந்து வந்தபடியே இருக்கு. ஒரு திருகைக்கூட எவனும் தொட்டதில்லை. போல்ட்டு துருப்பிடிச்ச இந்த மட்கார்டைக் கழற்று. சூடு காட்டக் கூடாது, சுத்தியல் படக் கூடாது. ஒரு போல்ட்டு ஒடிஞ்சாலும் பட்டறையைக் காலி பண்ணிடணும்."

இத்தனை வருஷத் துருவில் போல்ட்டு ஒடியாமல் வருமா? அந்தோணியம்மாள் மட்கார்டை விரலால் தட்டினாள். 'ணங்' என்று கேட்க வேண்டியது 'பொத்' என்றது. அவள் முகம் தெளிந்தது.

"ஆகட்டும் அய்யா. இரும்பு எங்கெங்கே இருக்குன்னு காந்தம் வச்சுப் பார்த்துட்டுத்தான் நாங்க கை வைப்போம். உங்க ராசியான கையாலேயே வச்சுக் காட்டுங்க."

பூபதி மீசையைத் தடவிக்கொண்டு காந்தத்தை வைத்தார். கீழே விழுந்தது. இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் விழுந்தது. நண்பர்கள் தொண்டையைச் செருமினார்கள். அவர் கோபத்தில் பலமாக அழுத்த, மட்கார்டே பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. இரும்பே இல்லை; அத்தனையும் ஓட்டை அடைக்கிற பட்டிப் பூச்சு. அதற்குள் திணித்திருந்த செய்தித்தாளில் போன தீபாவளித் துணிக்கடை விளம்பரம்.

"சூடு காட்டலை, சுத்தியலும் படலை, போல்ட்டும் ஒடியலை அய்யா," என்றாள் அந்தோணியம்மாள். "அடுத்த மட்கார்டையும் நீங்களே கழட்டுறீங்களா?"

பட்டறை இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. கார்தான் போர்வைக்குள் போய்விட்டது.