புளி போட்டுத் தேய்ச்ச ஆர்கன்

ஒரு ஊர்ல ஒரு சர்ச்சு இருந்துச்சாம். அதுக்குள்ள ஒரு ஆர்கன், சுவரு ஒசரத்துக்கு! அந்தக் காலத்துல கப்பல்ல வந்து, மாட்டுவண்டியில ஏறி, கடகடகடன்னு ஊருக்குள்ள வந்ததாம். பின்னால ஒருத்தர் துருத்தியை மிதிக்கணும். முன்னால உக்காந்து ஒருத்தர் கட்டையை அமுக்கணும். காத்து போயி குழல் குழலாப் பாடும். கேக்கியாட்டி, பேத்தி?

ம்.

அதை வாசிக்கிறவ பேரு தெபோராள். பிடிச்சா விடமாட்டா, உன்னை மாதிரி. ஆர்கன்னா அவளுக்கு உசிரு.

அப்போ அறுவடைக்கு நன்றி சொல்லுற அறுப்பின் பண்டிகை வந்துச்சு. சர்ச்சுக் கோயிலைக் கழுவி வெள்ளையடிச்சாச்சு. பெண்கள் சங்கத்து அம்மாமாரு பாத்தாங்க. "சுவரெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, இந்தக் குழலு மட்டும் கருகருன்னு கிடக்கே!" தெபோராள் காய்ச்சல்ல படுத்திருந்தா. யாரைக் கேக்க? அம்புட்டுக் குழலையும் கழட்டி, கிணத்தடியில போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் வச்சு, கரகர கரகரன்னு தேய்ச்சுட்டாங்க! எது எந்த ஓட்டைக்குன்னு குழல்ல மையால எழுதி வச்சிருந்த அடையாளம் எல்லாம் போச்சு. அப்புறம் அழகா இருக்கட்டும்னு ஒசரமானதை நடுவுல, குட்டையை ஓரத்துல நட்டு வச்சாங்க. நல்ல மனசுதான், பாத்துக்க. புத்திதான் கொஞ்சம் கம்மி.

காய்ச்சல் விட்டு வந்து தெபோராள் கட்டையில கை வச்சா. ப்பேஏஏ! கீய்ங்! புர்ர்ர்!

சபை மூப்பர் பொன்னுதுரை சொன்னாரு, "போதும்மா. பண்டிகை முடிஞ்ச மறுநாள் லாரி வரும், பழைய இரும்புக்குப் போட்டுருவோம். கீபோர்டு ஒன்னு வாங்கிக்கலாம்."

"பண்டிகையன்னைக்கு இது பாடும் ஐயா. பாடலைன்னா நானே லாரியில ஏத்தி விடுதேன்."

அழுதாளா? அழுதா. அழுதுக்கிட்டே சேலையை இழுத்துச் சொருகிட்டு வேலையில இறங்கினா.

மொதல்ல துருத்தி. சுவரு கழுவின தண்ணி பட்டுத் தோல் வெடிச்சு, மிதிச்சா புஸ்ஸ்ஸ்! ஆட்டுத்தோல் வாங்கி ஒட்டினா, பிஞ்சுச்சு. மறுபடி ஒட்டினா, நின்னுச்சு.

அப்புறம் குழலு. வாயெல்லாம் புளிச்சக்கை. விளக்குமாத்துக் குச்சியால ஒவ்வொன்னாக் குத்திக் குத்தி எடுத்தா. தூங்கிட்டியா?

ம்ம்.

மூணாவது, எந்தக் குழல் எங்கன்னு பாக்கணும். அதுக்கு ஒத்த ஆள் பத்தாதே! அப்போ சங்கத்துத் தலைவி ஞானசெல்வம், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா. "தப்பு எங்களோடது. என்ன செய்யணும்னு சொல்லு."

"திட்டணும்னு வாய் வரைக்கும் வருது மைனி. பண்டிகை முடியட்டும், அப்புறம் திட்டுதேன். இப்போ ஆளுக்கொரு குழலைப் பிடிங்க."

ஒருத்தி மிதிக்க, ஒருத்தி அமுக்க, ப்பூ... "இல்ல, வேற." ப்பீ... "இல்ல, வேற." ப்போம்! "இதுதான், நடுங்க!"

எல்லாம் நட்டாச்சு. ஒரே ஒரு ஓட்டை காலி. அந்தக் குழலு கிணத்தடியில மிதிபட்டு அப்பளமா நசுங்கிக் கிடந்துச்சு. புதுசு செய்ய நாளில்ல. பொழுது விடிஞ்சா பண்டிகை.

"வாசிப்பேன்"னுட்டா தெபோராள்.

கோயில் நிறைய ஜனம். ஆர்கன் கும்ம்ம்முன்னு எழும்புச்சு. பாட்டு நல்லாத்தான் போச்சு. அந்தக் காலி ஓட்டையோட கட்டை வந்ததும், சத்தமே இல்ல! தெபோராள் கையை எடுக்கல. அப்போ ஞானசெல்வம் எழுந்து அந்த ஒரு சுரத்தை மட்டும் 'ஆஆ'ன்னு பிடிச்சா. அடுத்த தடவை சங்கமே பிடிச்சுது. மூணாவது தடவை கோயிலே பிடிச்சுது, அதுல மூப்பர் குரல்தான் பெருசு!

ஆராதனை முடிஞ்சதும் அவர் தெபோராள்கிட்ட வந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. "இந்த ஆர்கனைப் பொறந்ததுல இருந்து கேக்கேன்மா. ஒரு சத்தம் இல்லாமப் போனப்போதான் அது என் காதுல விழுந்துச்சு."

மறுநாள் லாரி வந்துச்சு, டுர்ர்ர்ருன்னு. வெறுங்கையாத் திரும்பிப் போச்சு. அது பின்னாலயே கதையும் போச்சு. நீ கண்ணை மூடு தாயி.