ஒரே எடை, ஒரே மருந்து

ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரி ஒன்றில் துப்பாக்கி சுடும் கிளப் இருந்தது. அங்கே கற்றுக்கொடுத்தவர் தெபோராள். வயது முப்பத்தாறு. அவரிடம் கற்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

கோமதிநாயகம் அப்படி ஒருவர். பஸ் டெப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பேசுகிறவர் என்று ஊரில் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அவர் பேசவே மாட்டார்.

அவருடைய இரண்டு பெண்களும் அங்கேதான் சுட்டார்கள். மூத்தவள் வடிவு மாநில அணியில் இருக்கிறாள். இளையவள் பிரமு பயிற்சியில் அக்காளையே மிஞ்சுவாள். போட்டி மேடையில் நின்றால் மட்டும் விசையில் வைத்த விரல் அசையாது. மாநில அணித் தேர்வு இரண்டு அப்படிப் போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது, கடைசித் தேர்வு.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். போட்டிக்கு வேண்டிய தோட்டாவை வீட்டார் கையாலேயே கட்ட வேண்டும். வெற்று உறையில் வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, மேலே குண்டைப் பொருத்த வேண்டும். ஆசிரியர் அதில் ஒன்றையாவது சுட்டுப் பார்க்காமல் மேடைக்கு விடமாட்டார்.

வியாழக்கிழமை காலை கோமதிநாயகம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"பிரமுவுக்கு, டீச்சர்."

தெபோராள் ஒரு தோட்டாவை எடுத்துத் திருப்பினார். நுனி சிவந்து மின்னியது.

"செம்பு உறை போட்ட குண்டா அண்ணாச்சி?"

"ஆமா. வடிவுக்கு வெறும் ஈயம்தான் போட்டேன். சின்னவளுக்கு இன்னும் ஒசத்தியா இருக்கட்டும்னு பாத்தேன்."

"மருந்து?"

"வடிவுக்குன்னு நோட்டுல எழுதி வச்ச அளவேதான். ஒரு தூசி கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"ஏன் அதே அளவு?"

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. "ரெண்டு குண்டும் ஒரே எடை. நான் தராசுல வச்சுப் பாத்தாச்சு. துப்பாக்கியும் ஒண்ணுதான். அப்புறம் என்ன வித்தியாசம், நீங்களே சொல்லுங்க."

பதிலுக்குத் தெபோராள் பழைய கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து இரும்புப் பிடியில் இறுக்கினார். விசையில் ஒரு கயிற்றைக் கட்டினார். வடிவுக்குக் கட்டியதில் மிச்சமிருந்த ஈயத் தோட்டாவைப் போட்டு, தள்ளி நின்று இழுத்தார்.

சத்தம் பாறையில் மோதித் திரும்பியது. எதிரே காகிதத்தின் நடுவில் ஓட்டை.

காகிதத்துக்குப் பின்னால் இருந்த மணல் மூட்டையைக் கிளறி அந்தக் குண்டை எடுத்துவந்து கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. உடம்பு முழுக்கச் சாய்வாக வரிகள் பதிந்திருந்தன.

"குழலுக்குள்ள திருகு வரி வெட்டியிருக்கில்லா. ஈயம் மெத்துன்னு இருக்கும். அந்த வரிக்கு வளைஞ்சு கொடுக்கும். லேசாத் தள்ளினாலே ஓடிரும்."

கோமதிநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்த ஒன்று, வந்த வழியையெல்லாம் மேலே எழுதி வைத்திருக்கிறது. இத்தனை வருஷம் தோட்டா கட்டியும் இதை அவர் பார்த்ததில்லை.

அடுத்து பிரமுவின் தோட்டாக்களை ஏற்றினார். தள்ளி நின்று கயிற்றை இழுத்தார்.

'டொப்' என்றது. புட்டி மூடி திறந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் புகை வந்தது. காகிதத்தில் புது ஓட்டை இல்லை.

"குறி தப்பிட்டு. இன்னொண்ணு விட்டுப் பாப்போம்" என்று கோமதிநாயகம் கயிற்றை இழுக்கக் கையை நீட்டினார்.

தெபோராள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். யாரையும் அவர் அப்படித் தொட்டதில்லை.

துப்பாக்கியில் மிச்சமிருந்த தோட்டாக்களை வெளியே எடுத்தார். பிறகு அதைப் பிரித்துக் குழலை மட்டும் அவரிடம் கொடுத்தார்.

"வானத்தைப் பாத்துப் பிடிங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அந்தப் பக்கம் வட்டமாக வானம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ஒரே இருட்டு.

சத்தம் கேட்டது, புகை வந்தது. பார்த்த யாரும் சுட்டாயிற்று என்றுதான் சொல்வார்கள். ஆனால் குண்டு புறப்பட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தூரம்கூடப் போகவில்லை.

"செம்பு கெட்டி" என்றார் தெபோராள். "வரியில பதியவே அதுக்குப் பெரிய தள்ளு வேணும். ஈயத்துக்குப் போதுமான மருந்து இதுக்குப் பத்தல."

"இது பின்னால இன்னொண்ணு விட்டிருந்தா?"

"குழல் பொளந்திருக்கும். பிடிச்சிருக்க கையும்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை யாருடையதாக இருந்திருக்கும் என்று கோமதிநாயகம் நினைத்தார். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தெபோராள் குழலில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு ஒரு பித்தளைக் கம்பியையும் சின்ன மரச் சுத்தியலையும் கொடுத்தார்.

"நீங்களே எடுங்க. முன்வாய் வழியா."

கோமதிநாயகம் கம்பியை உள்ளே விட்டு ஓங்கி அடித்தார்.

"பையத் தட்டுங்க அண்ணாச்சி."

தட்டினார். தட்டிக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி அந்தக் குவாரி கேட்டதில்லை.

"வடிவுக்கு நான் எதுவும் சொன்னதில்ல டீச்சர். தலைய ஆட்டினாப் போதும், போய் ஜெயிச்சிட்டு வந்துருவா. இவளுக்கும் அப்படித்தான் தலைய ஆட்டினேன். ரெண்டு தடவை நின்னுட்டா. இந்தத் தடவை, இதுதான் கடைசி, பாத்துக்கோன்னு நல்லா முடுக்கி விடணும்னு இருந்தேன்."

தெபோராள் குழலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் குண்டு நகர்ந்து அவர் கையில் விழுந்தது. செம்பின் மேல் பாதி வரைக்கும்தான் வரி இருந்தது. குழலைத் தூக்கிப் பார்த்தார். வட்டமாக வானம் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பிரமு ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்பாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோமதிநாயகம் எழுந்து அவளை நோக்கி நடந்தார். பாதி தூரத்தில் நின்று திரும்பினார்.

"டீச்சர், அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி. அவளுக்குள்ள என்ன சிக்கி நிக்குதுன்னு பையக் கேளுங்க."