சத்தம் போடக் கூடாத தோட்டம்

காட்டோரத்தில் ஒரு தவிட்டுக்குருவிக் குடும்பம் இருந்தது. அப்பா மாரப்பன், அம்மா பூவாத்தா, ஐந்து குஞ்சுகள். விடிந்தால் பேச ஆரம்பிப்பார்கள், கூடு அடையும்வரை ஓய மாட்டார்கள். "நான் இங்கே!", "நீ எங்கே?", "புழு இருக்கு, வா!" என்று ஏதாவது ஒன்று. கேட்பவர்களுக்குத் தலைவலிதான். ஆனால் எந்தக் குஞ்சு எங்கே மேய்கிறது என்று பூவாத்தா திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. காது ஒன்றே போதும்.

காட்டின் நடுவே மயில் ஒரு தோட்டம் வைத்தது. கடல் தாண்டி வந்த செடிகள் தொட்டி தொட்டியாக அங்கே இருந்தன. பக்கத்து மரத்து மைனா குடும்பம் அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரமாக அதே பேச்சு. மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"நாமளும் போறோம்! ஆனா ஒண்ணு. பெரிய இடத்து ஆளுங்க வர்ற இடம். நம்ம கூச்சலையெல்லாம் இங்கேயே விட்டுட்டு வரணும்!"

"பேசாம எப்படிங்க இருக்கறது?" என்றாள் பூவாத்தா.

"வாயை மூடிக்கிட்டுத்தான்!"

வாசலில் மயில் தோகையை மடக்கி வரவேற்றது. "வாங்க, வாங்க! தொடக் கூடாது, கொத்தக் கூடாது, முக்கியமா சத்தம் கூடாது! வெளிநாட்டுச் செடிங்க. சத்தம் கேட்டா வாடிப் போயிடும்!"

பூவாத்தாவுக்கு முன்பின் தெரியாதவர்களைக் கண்டாலே கூச்சம். தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே உருண்டை உருண்டையாகக் கள்ளிகள். பாம்பு வாய் திறந்ததுபோல் பூக்கள். ஒரு சின்னத் தொட்டிக்குள் முழ உயரத்தில் ஓர் ஆலமரம்!

"இதுல எப்படிப்பா குடியிருக்கறது?" என்று மூத்தது கேட்டது.

"உஷ்ஷ்! இது குடியிருக்க இல்ல, பார்க்க!" என்றான் மாரப்பன்.

குஞ்சுகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. பூவாத்தாவுக்கு மட்டும் எதுவும் மனதில் ஏறவில்லை. அடிக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

ஒரு முறை திரும்பியபோது கடைசிக் குஞ்சு கடுகைக் காணோம்! இறக்கைகூடச் சரியாக முளைக்காத பிள்ளை.

நல்லவேளை, குளத்துக்கு அந்தப்பக்கம் தெரிந்தான். அங்கே வரிசையாகக் கல் சிலைகள். கல் சிங்கம், கல் ஆமை, கல் பூனை. கல் பூனையின் காலடியில் கடுகு எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

பூவாத்தா நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போது கல் பூனையின் வால்நுனி லேசாக அசைந்தது.

"ஏனுங்க! அந்தப் பூனை..." என்று கிசுகிசுத்தாள்.

"சிலை புள்ள அது. வெளிநாட்டு வேலைப்பாடு. அச்சு அசலா இருக்கும்."

"வால் ஆடுச்சுங்க!"

"காத்துக்கு ஆடியிருக்கும்."

"கல்லு காத்துக்கு ஆடுமா?"

"கம்முனு இரு! மைனா வீட்டம்மா இன்னைக்கும் வந்திருக்கா. நம்மளையே பாக்குறா!"

பூவாத்தா பதறிக்கொண்டு மயிலிடம் ஓடினாள். "ஐயா, ஒரே ஒருக்கா கத்திக்கட்டுங்களா?"

"கத்தணும்னா வாசலுக்கு வெளியே இடம் இருக்கும்மா. கத்தி முடிச்சிட்டு உள்ளே வாங்க!" என்றது மயில், என்ன ஏது என்று கேட்காமலே.

பூவாத்தா வாசலை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்! பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பினாள். பூனையின் பின்னங்கால்கள் மெல்லத் தாழ்ந்தன. கடுகு இன்னும் எறும்பிலேயே இருந்தான்.

"கடுகூ! ஓடு கண்ணு! பூனை! பூனை! பூனை!"

கடுகு துள்ளினான். பூனை பாய்ந்தது. அதன் வாயில் புல்தான் அகப்பட்டது. பறக்கத் தெரியாத கடுகு உருண்டு போய் இரண்டு கள்ளித் தொட்டிகளுக்கு நடுவே விழுந்தான். பூனை காலை நீட்டியது. காலெல்லாம் முள்!

அதற்குள் மற்ற நாலு குஞ்சுகளும் கத்திக்கொண்டு வந்து சூழ்ந்தன. மாரப்பன் கௌரவத்தையெல்லாம் மறந்து பூனையின் வாலைக் கொத்தினான். மைனாக்களும் சேர்ந்துகொண்டன. எல்லோரையும்விட உரக்க அலறியது யார் தெரியுமா? மயில்தான்! வேலிமேல் ஏறிக்கொண்டு, "ஐயோ பூனை! என் தோகை! என் தோகை!" என்று அது போட்ட சத்தத்தில் காடே அதிர்ந்தது.

பூனை மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடிப்போனது.

மைனா வீட்டம்மா வெலவெலத்துப்போய் வந்தாள். "அக்கா, போன வாரம் அதைச் சிலைன்னு நெனச்சு பக்கத்துலயே நின்னு நாங்க அழகு பார்த்தோமே!"

பூவாத்தா கடுகை இழுத்து அணைத்துக்கொண்டு, இறக்கையில் தைத்த முள்ளை அலகால் பிடுங்கினாள்.

மாரப்பன் தலை குனிந்து நின்றான். "நான்தான் புள்ள உன்னைக் கம்முனு இருக்கச் சொன்னேன்."

"நீங்க சொன்னது கிடக்கட்டுங்க. கத்தறதுக்காக நான் வாசல் பக்கம் நடந்தேன் பாருங்க, அதை நெனச்சாத்தான் உடம்பு நடுங்குது!"

ஆபத்து கண்ணில் பட்டுவிட்டால், யார் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படாமல் அந்த இடத்திலேயே வாய்விட்டுக் கத்திவிட வேண்டும்.