கார் ஷெட்டுக்கு ஏற்ற பூட்டு

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த சிவமலையின் கார் ஷெட்டில் பெட்ரோல் திருடு போய்க்கொண்டே இருந்தது. அவரும் பூட்டுக்கு மேல் பூட்டாக மாற்றினார். ஒவ்வொரு பூட்டின் சாவியையும் பக்தியோடு பூஜை அறை ஆணியில் மாட்டினார்.

திருடன் யாரென்று முதலாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முதலாளியம்மாவின் தம்பி தங்கராசு நாள் முழுக்க பைக்கில் சுற்றினான். பெட்ரோல் பங்க் பக்கம் போனதே இல்லை. ஆனால் முதலாளியம்மாவின் தம்பியைத் திருடன் என்று சொல்லும் துணிவை எந்தச் சாஸ்திரமும் வேலைக்காரர்களுக்கு அருளவில்லை. பழி டிரைவர் மாரப்பன் மேல் விழுந்தது.

“திருடன் திறக்கவே முடியாத பூட்டா பாத்து மாட்டு. இனி ஒரு சொட்டு குறைஞ்சாலும் உனக்கு வேலை இல்லை!” என்றார் சிவமலை.

“சரிங்க முதலாளி.”

அன்று மாலை, வீட்டார் அனைவர் முன்னிலையிலும், மாரப்பன் ஷெட்டில் மாட்டிய பூட்டின் சாவியை வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துத் தங்கராசுவிடம் நீட்டினான்.

“சின்னய்யா, இதுக்கு ஒரே சாவிதானுங்க. நம்பிக்கையான கையில இருக்கோணும். உங்களை விட்டா யாருங்க?”

முதலாளியம்மா பூரித்துப்போனாள். “என் தம்பியோட அருமை டிரைவருக்காவது தெரியுதே!”

தங்கராசு விழித்தபடி வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு ஒரு சொட்டும் குறையவில்லை. பெட்ரோல் வற்றிப்போன பைக்கைத் தங்கராசு பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. சிவமலையோ பூட்டைத் தட்டிப் பார்த்து வியந்தார்.

“பலே! எந்தக் கம்பெனிப் பூட்டுடா இது?”

“போன மாசம் நீங்க கழட்டிப் போட்டதுதானுங்க முதலாளி. பூட்டை மாத்தலீங்க, காவக்காரரைத்தான் மாத்தினேன்.”