பூஜ்யப் பகுதி

அந்த மருத்துவமனையில் மூன்று கட்டடங்கள்: வார்டு, ஸ்கேன், ஆபரேஷன். ஒவ்வொன்றின் கணினிகளும் நெட்வொர்க்கில் தனித்தனிப் பகுதி. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு எந்தத் தகவல் போனாலும் நடுவில் இருந்த சின்ன அறை வழியாகத்தான் போகவேண்டும். அந்த அறைக்குப் பூஜ்யப் பகுதி என்று பெயர். அங்கே டாக்டர் இல்லை, நோயாளி இல்லை. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஜெபமணி மட்டும் இருந்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். கற்றுக்கொடுத்த ரஹ்மத் நிஷாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் குரு குருதான்.

ஒரு மதியம் அவரால் தாங்க முடியவில்லை.

"முடியல மேடம். எந்தக் கட்டடத்துல நெட்வொர்க் நின்னாலும் போன் எனக்குத்தான் வருது. மூணு நாளா டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"என்ன செய்யலாம்ணே?"

"மூணு கட்டடத்துக்கும் நேரா கேபிள் இழுத்துருவோம். எது எங்க இருக்குன்னு அந்தக் கட்டடங்களே ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கட்டும். இந்த அறையை மூடிருவோம்."

நிஷா மறுக்கவில்லை. ஓர் உறையின்மேல் 'செண்பகவல்லி' என்று ஒரு நோயாளியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"இதை அவங்க கையில சேர்த்துட்டு வாங்க. போன் கூடாது. கட்டடத்துக்குக் கட்டடம் கேட்டே போங்க."

வார்டு வாசலில் கேட்டார். "ஸ்கேன்ல இருக்காங்களாம். அப்பவே ஆபரேஷன்லேர்ந்து சொன்னாங்க."

ஸ்கேன் வாசலில் கேட்டார். "ஆபரேஷனுக்குப் போயிட்டாங்கன்னு காலையிலேயே வார்டுல சொன்னாங்களே."

ஆபரேஷன் வாசலில் கேட்டார். "வார்டுலதான். முன்னாடியே ஸ்கேன்காரங்க சொன்னாங்க."

மூன்று சுற்று. பாவம், செக்குமாடாகிவிட்டார் மனிதர். முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, திரும்பி வந்து தன் நாற்காலியில் விழுந்தார்.

"எங்கதான் மேடம் இருக்காங்க அந்தம்மா?"

நிஷா திரையில் வார்டு கணினியின் பதிவைப் பார்த்தார். "காலையில பத்து மணிக்கே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிட்டாங்க."

ஜெபமணிக்குக் கோபம் வந்தது. கோபப்படத் தெம்பில்லை.

"யாரும் பொய் சொன்ன மாதிரி தெரியலையே."

"இல்லண்ணே. காதுல விழுந்ததைச் சொன்னாங்க."

"இந்த அறைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"இங்க ஒவ்வொரு கட்டடத்துக் கணினியும் தன் வீட்டு விஷயத்தை மட்டும்தான் சொல்லலாம். அடுத்த வீட்டு விஷயம் எடுபடாது."

ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப எனக்கு விடிவே இல்லையா மேடம்?"

போன் அடித்தது. பழக்கத்தில் அவர் கை நீண்டது. அதற்குள் நிஷா எடுத்துவிட்டார். பேசுமுனையைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"அறையைத்தான் மூட முடியாது. நீங்க எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடலாம்ணே."