மொச்சை என்ற கிழ முயலின் வழக்கு

ஆறு முயல்கள், இரண்டு நாய்கள், நடுவில் நான்கடிச் சுவர். கதை இவ்வளவுதான். முடிவில் ஒரு கேள்வி வரும். அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள்.

விசைத்தறிகள் ஓடும் ஓர் ஊரில் வேதவல்லி என்பவள் முயல் வளர்த்தாள். விற்பதற்கும் அல்ல, தின்பதற்கும் அல்ல. இருபது வருடம் தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமாகி வேலையை இழந்தவளுக்கு, சத்தம் போடாத பிராணிகள் ஒத்துப்போயின. மொச்சை, தட்டை, கொள்ளு என்று பயறுகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தாள். கணவன் சிங்காரம் தறித் தொழிலாளர் சங்கச் செயலாளர். அவள் தம்பி மாசிலாமணியும் அதே வீட்டில் இருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரன் திருமேனி, கல்குவாரி முதலாளி. முயல் வேட்டைக்கென்றே பழக்கிய இரண்டு சிப்பிப்பாறை நாய்களை அவன் கட்டிப்போடுவதே இல்லை. சித்திரையில் ஒரு பகல், அவை சுவர் தாண்டி வந்து கூண்டைப் பிய்த்து இரண்டு முயல்களைக் கொன்றன. சுவரையாவது உயர்த்திக்கொள்கிறோம் என்று கேட்டார்கள்.

"என்ற சுவர் மேல ஒரு செங்கல்லு வெக்கக் கூடாது. என்ற நாய் காம்பவுண்டைத் தாண்டுனதே இல்லை. பூனை தின்னுருக்கும்" என்றான் திருமேனி.

சிங்காரம் மனு எழுதினான். நாற்பது வீடுகளில் கையெழுத்துக் கேட்டான். குவாரியை நம்பிப் பிழைத்த வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. கிடைத்தது ஏழு கையெழுத்து. பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு, "மனுசரைக் கடிச்சா உடனே வருவோம். முயலுக்குன்னா ஆதாரம் வேணும். நாய் கவ்வுற மாதிரி போட்டோ இருக்குதா?" என்று கேட்டார்.

அன்று மாலை மாசிலாமணி விஷம் கலந்த கறியோடு வந்தான். வேதவல்லி அதைப் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தாள்.

"நாய் என்னடா பண்ணுச்சு? அவுத்து உடறது அந்தாளுதான?"

மீதி நான்கு முயல்களையும் வீட்டுக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்தாள். சிமெண்ட் ஓட்டின் கீழ் வீடு கொதித்தது. ஈரத்துணி போர்த்தினாள், விசிறினாள். மூன்றாம் நாள் தட்டை அவள் மடியிலேயே மூச்சுத் திணறிச் செத்தது.

"வெளிய உட்டா நாய் தின்னுது, உள்ள வெச்சா வெக்கை தின்னுது. இன்னும் ரெண்டு நாள்ல ஒண்ணுகூட இருக்காதுங்க. ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள் சிங்காரத்திடம்.

பண்ணினான். மறுநாள் அவள் குழாயடிக்குப் போன நேரத்தில், பின்னங்காலை இழுத்து நடக்கும் மொச்சையைத் தூக்கி வாசலில் விட்டான். செல்போனோடு சன்னலுக்குள் நின்றுகொண்டான். எல்லாம் பதிவானது. படம் பத்திரிகைக்குப் போனது; அதிகாரிகள் வந்தார்கள்; நாய்களைக் கம்பிக் கூண்டில் அடைக்க வைத்தார்கள். எஞ்சிய இரண்டு முயல்கள் வாசலில் புல் தின்றன.

வேதவல்லி படத்தைப் பார்த்தாள்.

"மனுசரைக் கடிச்சா வருவோம்னும்தானுங்க சொன்னாங்க. நாய் கடிக்க உங்களுக்குக் கால் இல்லையா?"

"முப்பது வருசமாப் பாக்கறேன், வேதா. ஒரு உசுரு போகாம எந்த ஆபீசும் அசையாது. அது எப்படியும் சாகற கிழடு."

"நானுந்தான் காது கேக்காத கிழடு. அடுத்தது என்னைய உடுவீங்களா?"

மாசிலாமணி குறுக்கே வந்தான். "அன்னிக்கே என்னைத் தடுக்காம இருந்தா மொச்சையும் இருக்கும், தட்டையும் இருக்கும், அக்கா."

நாயைக் கொல்லப் போனவன் ஒருவன். அடைத்து வைத்துக் காக்கப் பார்த்தவள் ஒருத்தி. ஒன்றைக் கொடுத்து இரண்டை மீட்டவன் ஒருவன். இவர்களில் யார் செய்ததைச் சரி என்பீர்கள்?

விடை: வேதவல்லி செய்ததை. மாசிலாமணி நாய்களைக் கொன்றிருந்தால், திருமேனி அடுத்த வாரமே வேறு இரண்டு வாங்கியிருப்பான். சிங்காரம் சொன்னது பொய்யில்லை. உயிர் போனால்தான் அலுவலகம் அசைகிறது. ஆனால் போக வேண்டிய உயிர் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அவனுக்கு யார் கொடுத்தது? தானாக முன்வந்து விழுபவன் தியாகி. இன்னொன்றைத் தள்ளிவிட்டுச் சன்னலுக்குள் நின்று படம் எடுப்பவன் தலைவனாகலாம், தியாகியாக முடியாது. வேதவல்லியின் மடியிலும் ஒன்று செத்தது. அது அவள் காப்பாற்றப் போராடிய உயிர், விலையாகக் கொடுத்த உயிர் அல்ல. ஆக, மூவரையும் நிறுத்தி வைத்து விசாரித்து முடித்துவிட்டோம். திருமேனியை இன்னும் ஒருவரும் விசாரிக்கவில்லை.